ரேடாரை நூர்த்த பின்னேரம்

நான் ஒரு போர்விமானத்தைச் சுட்டு வீழ்த்தியவன். இப்போது இதைக் கூச்சமில்லாமல் எழுதலாம். அந்தக் காலத்தில் ஊர்காவற்றுறைச் சந்தியில் நின்று சொல்லியிருந்தால் கடற்படைக் காவலரணுக்குக் கூட்டிக்கொண்டுபோய் விளக்கம் கேட்டிருப்பார்கள். நான் விளக்கம் சொல்லி முடிக்கும்போது எனக்கு நரை விழுந்திருக்கும்.

வீழ்த்திய விமானமும் லேசுப்பட்டதல்ல. ரேடாரின் கண்ணில் படாத அமெரிக்க விமானம். நான் ஓட்டியதோ பழைய ரஷ்ய விமானம். விமானிக்கும் பெரிய தகுதி இருந்ததாகச் சொல்ல முடியாது. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகிற வள்ளத்திலேயே வயிற்றைப் பிரட்டி, அம்மன் கோயில் வாசலில் கும்பிடுகிறேனா கக்குகிறேனா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி குனிந்து நிற்பவன் நான்.

சண்டை நடந்தது சமாதான காலத்தில். தெற்கிலிருந்து வருகிற தரைப்பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாம் வந்து போய்க்கொண்டிருந்த காலம். நடந்த இடம் எங்கள் தீவில், ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு கடை அறை. முன்பு அங்கே வலை விற்றார்கள். பிறகு அது கணினி நிலையம் ஆயிற்று. சுவரில் அடித்திருந்த வலைக் கொழுவிகளை நாங்கள் கழற்றவில்லை; கணினியின் வயர்களைத் தொங்கவிட அவை நல்ல வசதி.

இரண்டு கணினிகள் இருந்தன. இரண்டையும் கனடாவில் இருக்கும் என் மச்சான் அனுப்பியிருந்தான். என் மாமியின் மகன். எண்பதுகளில், நான் காற்சட்டையோடு திரிந்தபோதே கனடாவுக்குப் போனவன். நிலையத்தின் பொறுப்பாளர் நான். ஆனால் படிப்பித்தது கரம்பொன்னில் இருந்து சைக்கிளில் வருகிற அக்கா ஒருவர். உறவில்லை, ஊருக்கே அக்கா. கொழும்பில் கந்தோர் ஒன்றில் தட்டச்சு வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தவர். அவருடைய விரல்கள் போகிற வேகத்துக்கு மற்றவர்களுக்குக் கதைக்கவே ஏலாது. கரம்பொன், நாரந்தனைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அவரிடம் படிக்க வந்தார்கள். பொறுப்பாளராகிய நான் வாசலைத் திறப்பேன், ஜெனரேற்றரை இழுத்து ஸ்ராற் பண்ணுவேன், மிச்ச நேரத்தில் கணினியில் சீட்டு விளையாடுவேன்.

மச்சான் பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்து ஊருக்கு வந்து, முன்னறிவித்தல் இல்லாமல் நிலையத்துக்குள் நுழைந்தபோது நான் சீட்டுத்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பிள்ளைகள் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

"உதுக்கோ நான் கப்பலிலை அனுப்பினனான்?" என்றான். சுகம் கேட்பதற்கு முன்னாலேயே.

அன்று பின்னேரமே தீர்ப்பும் சொன்னான். இரண்டு கணினிகளையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப் போகிறான். அங்கே அவனோடு படித்த ஒருவர் பெரிய கல்வி நிலையம் நடத்துகிறார். கரண்ட் இருக்கிறது, பிள்ளைகளும் நிறைய.

"இஞ்சை என்ன கிடக்கு? ஜெனரேற்றரும் நீயும். ரெண்டும் சத்தம்தான் போடுறியள்."

நான் சுவரில் தொங்கிய வயர்களை ஒழுங்குபடுத்தினேன். நியாயம் அவன் பக்கம் இருந்தால் நான் பொதுவாக வாதாடுவதில்லை. அக்காதான் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தம்பி, பண்ணைப் பாலத்துச் சென்றியைத் தாண்டித் தனிய இந்தப் பிள்ளையளை யாழ்ப்பாணம் விடுவினமோ தாய்தேப்பன்?"

"பஸ் ஓடுது தானே அக்கா."

"பஸ் ஓடும். சோதினை எண்டு இறக்கி நிப்பாட்டினால் பிள்ளை இறங்கி நிக்கோணும். ஒருநாள் நிண்டால் அடுத்தநாள் வீட்டிலை மறிச்சுப்போடுவினம். வாற மாசங்களிலை பரீட்சை. அதோடை சரி."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் காத்திருந்த இடத்திலேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணினி போனால் எனக்குப் போவது சீட்டு விளையாட்டு. அவர்களுக்குப் போவது பரீட்சை.

மச்சான் பேச்சை மாற்றுவதற்காகப் பையில் இருந்து ஒரு சிடியையும் விமானம் ஓட்டுகிற ஒரு கைப்பிடியையும் எடுத்தான். விமானச் சண்டை விளையாட்டு. அது விளையாட்டு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். உண்மையான விமானி படிக்கிற எல்லாவற்றையும் படிக்கவேண்டுமாம். ரொறொன்ரோவில் நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு சனிக்கிழமைதோறும் பல நாட்டுக்காரரோடு இணையத்தில் அணி சேர்ந்து பறக்கிறானாம். இந்த விமானத்தில் ஏறினால் தன்னை இன்னும் ஒருவரும் விழுத்தியதில்லையாம்.

"ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார் அக்கா.

"இல்லை அக்கா."

"அப்ப இவர் விழுத்தினால் கணினி ரெண்டும் இஞ்சை நிக்குமோ?"

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் சாரத்தை இறுக்கிக் கட்டி, வயிற்றை உள்ளே இழுத்து, கொஞ்சம் விமானி மாதிரி நிற்கப் பார்த்தேன். அவன் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"நான் பயணம் போறதுக்குள்ளை ஒரேயொருக்கா விழுத்தட்டும் அக்கா. ரெண்டும் இஞ்சையே நிக்கட்டும். இந்தக் கைப்பிடியும் இவனுக்கு."

இப்படித்தான் என்னைக் கேட்காமலே நான் விமானப்படையில் சேர்க்கப்பட்டேன்.

முதல் நாள் கணினிகளை எதிரும் புதிருமாக வைத்து, ஒரு வயரால் இணைத்து, ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியாமல் நடுவே அக்கா ஒரு பனையோலைப் பாயை நிறுத்தினார். அவனிடம் கொண்டுவந்த கைப்பிடி. எனக்கு இறங்குதுறைப் பக்கத்துப் பையன்கள் உடைத்து விட்டுப்போன, ரப்பர் பட்டியால் சுற்றிய பழைய கைப்பிடி. மச்சான் ஸ்பீக்கரைப் போட்டு ஒலியை முழுதாகத் திருகி, தொடக்குவதற்கான பொத்தானை அழுத்தினான்.

விமானம் ஒன்று கிழித்துக்கொண்டு போகிற சத்தம் வாசலால் வெளியே பாய்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை மச்சானுக்கு விளங்க வைக்கப் பல நாள் எடுத்தது. வெளியே காரைநகருக்குப் போகிற பாதைக்கு, அதாவது மிதவைப் படகுக்கு, காத்து நின்ற சனம் முழுக்க நிலத்தில். தேநீர்க் கடைக்காரர் மர வாங்கின் கீழ். வீதியில் வந்த ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டார். உள்ளே, அக்கா சுவரோரம் குந்தியிருந்தார். நான் மேசைக்குக் கீழே, கைப்பிடியை நெஞ்சோடு அணைத்தபடி. ஒரேயொருவன்தான் கதிரையில் நிமிர்ந்து இருந்தான். எண்பதுகளில் போனவன். தலைக்கு மேலே விமானம் சுற்றியதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"என்ன, எல்லாரும் எதையேன் துலைச்சுப்போட்டியளோ?" என்று குனிந்து என்னைக் கேட்டான்.

எங்களுக்கு அது வெட்கமாக இல்லை. எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டோம். தேநீர்க் கடைக்காரர் உள்ளே வந்து, "கிபிர் பொம்மர்ச் சத்தம் இல்லை இது, இது வேறை சாமான்" என்று நிபுணத்துவக் கருத்துச் சொன்னார். எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடியதுதான். கண்ணை மூடிக்கொண்டு, பொம்மர் எது, ஹெலி எது, குண்டு போட வருவது எது, சாமான் ஏற்றிக்கொண்டு பலாலி விமானத்தளத்துக்குப் போவது எது என்று பிரித்த காதுகள் எங்களுடையவை. கொஞ்ச நேரத்தில் காவலரணில் இருந்து ஒரு சிப்பாயும் துப்பாக்கியோடு வந்து எட்டிப்பார்த்தான். "படிப்பு, படிப்பு" என்றார் அக்கா. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் முகத்தில் அவனுக்கு ஆபத்து எதுவும் தெரியவில்லை. போய்விட்டான். அன்றிலிருந்து ஒலியைக் குறைத்துத்தான் பறந்தோம்.

பறந்தோம் என்பது பெரிய சொல். அவன் பறந்தான், நான் விழுந்தேன். மேலே எழும்பி, ரேடாரைப் போட்டு, பச்சை வட்டத்தில் அவனைத் தேடுவேன். வட்டம் கழுவிய கோப்பை மாதிரி வெறுமையாக இருக்கும். திடீரென்று ஏவுகணை எச்சரிக்கை கீ கீ என்று கத்தும். அடுத்தது என் துண்டுகள். உயரமாகப் போய்ப் பார்த்தேன். மலைக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தேன். பேசாமல் ஓடியும் பார்த்தேன். ஒருமுறை ஓடுபாதையில் இருந்து எழும்பாமல் நின்றுகொண்டேன். அங்கேயும் வந்து அடித்தான். ஒருநாளும் அவனை நான் கண்ணால் கண்டதில்லை. தோல்விகளைக் கணக்கு வைத்துக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று, கொப்பியின் பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம் திருப்ப மனமில்லாமல் நிறுத்திவிட்டது.

மச்சான் வஞ்சகமில்லாதவன். விழுத்திவிட்டு விளக்கமும் தருவான்.

"என்ரை பிளேனிலை பட்ட ரேடார் அலை உன்னட்டைத் திரும்பி வராது, வேறை பக்கம் தெறிச்சுப் போயிடும். கிட்ட வந்தால்தான் உனக்குத் தெரியும். உன்ரை ரேடாரோ ஊருக்கெல்லாம் நீ எங்கை நிக்கிறாய் எண்டு சொல்லுது. நான் என்ரை ரேடாரைப் போடவே தேவையில்லை. நீ போடுறாய், நான் பாக்கிறன்."

"இருட்டுக்குள்ளை ரோச் லைற் அடிச்சுக்கொண்டு கள்ளனைத் தேடுற மாதிரி" என்றார் அக்கா.

"அதேதான் அக்கா."

"கள்ளன் ஆர் எண்டும் சொல்லிப்போட்டீங்கள்."

நான் இதைக் கேட்டேன், தலையாட்டினேன். விளங்கினவன் செய்யவேண்டியதை மட்டும் செய்யவில்லை. ரேடாரை அணைத்தால் நான் குருடன் அல்லவா என்ற பயம். குருடனாக இருந்துகொண்டுதான் அந்தப் பயமும் பட்டேன்.

மச்சான் போகிறதுக்கு முதல் நாள் பின்னேரம், இருட்டுகிற நேரத்தில், கடைசிச் சண்டை. கணினிகளை ஏற்றுவதற்கு மறுநாள் காலையில் வான் வரும் என்று சொல்லிவிட்டான். வெற்றுப் பெட்டிகள் மூலையில் அடுக்கியிருந்தன. பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாதைக்குக் காத்து நின்றவர்கள் பாதையை விட்டுவிட்டு எங்கள் வாசலில் நின்றார்கள். எங்களுக்கு ஜெனரேற்றர் தந்த சம்மாட்டியாரும் வந்திருந்தார். மூன்று படகுக்குச் சொந்தக்காரர், பொறுமை குறைந்த மனிதர். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சத்தமில்லாமல் உதென்ன பிளேன்? மரண வீடு மாதிரிக் கிடக்கு" என்றார். தன்னுடைய மீன்வாடியில் பாட்டுப் போடுகிற இரண்டு பெரிய ஒலிப்பெட்டிகளை ஆள் விட்டு எடுப்பித்து, என் கணினியில் கொழுவி, ஒன்றை எனக்கு இடதும் மற்றதை வலதுமாக வைத்தார். "சென்றிக்காரனுக்கு நான் சொல்லியிருக்கிறன். நீ அடி."

எழும்பினேன். கீழே கடல், மேலே மெல்லிய முகில். ரேடாரைப் போட்டேன். வழக்கம்போல வெறும் வட்டம். அக்கா மின்குமிழை அணைக்கிற ஆளிக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து நின்றார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கீ கீ கீ.

அது அந்த ஒலிப்பெட்டிகளால் வந்தபோது சும்மா எச்சரிக்கையாக வரவில்லை. என் விமானத்தின் இரைச்சலும் சேர்ந்து, யன்னல் கம்பி அதிர, பிடரியில் அடித்தது. பிறகு நான் செய்தது எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. விமானம் வந்தால் முதலில் விளக்கை அணைக்க வேண்டும்; எங்கள் பேச்சில் நூர்க்க வேண்டும். அம்மா நூர்ப்பார், பக்கத்து வீட்டில் நூர்ப்பார்கள், முழு ஊரும் நூர்ந்து போகும். சின்ன வயதிலேயே கை படித்த பாடம். என் இடது கை போய் ரேடாரை நூர்த்தது. அதே நேரம் அறையின் குமிழும் நூர்ந்தது. அக்காவின் கையும் அதே பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அடுத்தது பதுங்குவது. நான் மேசைக்குக் கீழே போனேன். போகும்போது கைப்பிடியை விடவில்லை. உடம்போடு சேர்ந்து கைப்பிடியும் முன்னுக்குச் சரிந்தது. விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கடலை நோக்கி விழுந்தது.

"தம்பி, கடல், கடல்" என்று சம்மாட்டியார் நிலத்தில் கிடந்தபடியே கத்தினார்.

தலை மேசைக்குக் கீழேயும் கண் மட்டும் விளிம்புக்கு மேலேயுமாக இழுத்து நிமிர்த்தினேன். அலை திரையை நிரப்பிக்கொண்டு வந்து, கடைசி நேரத்தில் வயிற்றுக்குக் கீழே போயிற்று. தலைக்கு மேலால் ஏதோ சீறிக்கொண்டு போய்ப் பின்னால் கடலில் வெடித்தது. அவனுடைய ஏவுகணை. முதல் தடவையாக அது என்னைக் கொல்லாமல் செத்தது.

அறை இருட்டு. ஒருவரும் எழும்பவில்லை. பாய்க்கு அந்தப் பக்கத்தில் மச்சான் தனியே கேட்டான்:

"டேய், எங்கையடா போனனீ?"

அந்தக் கேள்வி எனக்குத் தந்த சந்தோசத்தை இன்றுவரை எந்தப் பரிசும் தந்ததில்லை. அவ்வளவு நாளும் நான் கேட்ட கேள்வி அது. இப்போது அவன் கேட்கிறான். அப்போதுதான் என் மண்டைக்குள்ளேயும் ஒரு குமிழ் எரிந்தது. நான் ரேடாரைப் போடாவிட்டால் அவனும் குருடன்.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் தெரிந்தே செய்தேன். இதைக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்லுவேன். ரேடாரைத் தொடவில்லை. அலையைத் தொட்டும் தொடாமலும் தாழப் பறந்தேன். வேகத்தைக் குறைத்தேன். பதுங்கு குழியில் இருக்கும்போது செய்வதைச் செய்தேன்: மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்கு நிலையப் பொறுப்பாளராக நல்ல அனுபவமும் இருந்தது.

அந்தப் பக்கம் பொறுமை போயிற்று. அவனுக்கு வேறு வழியும் இல்லை. தன் ரேடாரைப் போட்டுத் தேடத் தொடங்கினான். உடனே என் முன்னால் இருந்த எச்சரிக்கைக் கருவியின் சிறிய வட்டத்தில் ஒரு புள்ளி மினுங்கியது: யாரோ உன்னை ரேடாரால் தேடுகிறார், வலது பக்கம், பின்னால். ரோச் இப்போது கள்ளனுடைய கையில்.

நான் கரையோர மலை ஒன்றின் நிழலுக்குள் திரும்பினேன். அவன் இறங்கி வந்தான். வலது ஒலிப்பெட்டியில் இரைச்சல் தொடங்கிப் பெருத்தது.

"வாறான்" என்றார் தேநீர்க் கடைக்காரர், வாசலில் குந்தியிருந்தபடி.

"முன்னுக்குப் பாரும் தம்பி" என்றார் அக்கா இருட்டில் இருந்து. "சத்தத்திலை பாராதையும். முன்னுக்கு."

அதுவும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. வேகமான விமானம் சத்தத்தைப் பின்னால் விட்டுவிட்டு வரும். சத்தம் கேட்கிற இடத்தில் அண்ணாந்தால் வெறும் வானம்தான். அதற்கு நன்றாக முன்னால் பார்க்க வேண்டும். திரையில் பார்வையைத் திருப்பி முகிலைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், தட்டையாக, திருக்கை மீன் மாதிரி ஒன்று மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று. ரேடாருக்குத் தெரியாத விமானம். எனக்குத் தெரிந்தது.

அவன் என்னைத் தாண்டியதும் மூக்கை நிமிர்த்தினேன். முன்னால் அவனுடைய இரண்டு நெருப்பு வாய்கள். ரேடாரை ஏமாற்றலாம், சூட்டை எங்கே ஒளிப்பது? சூட்டைத் தேடிப் போகிற ஏவுகணை என்னிடம் இரண்டு இருந்தன. தொடக்கத்தில் இருந்து ஒன்றும் பாவிக்கப்படாமல் புதிதாகவே இருந்தவை. இரண்டையும் விட்டேன்.

வெடித்தது. நான் அதன் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுடைய இறக்கை ஒன்று சுழன்று சுழன்று விழுவதைக் கடைசிவரை பார்த்தேன். பார்த்துக்கொண்டே நானும் மலையில் மோதினேன்.

குமிழ் எரிந்தது. பாயைத் தள்ளிக்கொண்டு மச்சான் எழும்பினான்.

"இவனும் செத்துப்போனான். அப்ப சமன்" என்றான்.

வாசலில் பெரிய வாக்குவாதம் தொடங்கியது. சம்மாட்டியார் ஒரு பக்கம், தேநீர்க் கடைக்காரர் இன்னொரு பக்கம். நான் மேசைக்குக் கீழே இருந்து வெளியே வர முயன்றேன். சாரம் கதிரைக் காலில் கொழுவியிருந்தது. மாவீரனின் முதல் தோற்றம் அப்படித்தான் அமைந்தது.

"தம்பி," என்றார் அக்கா மச்சானைப் பார்த்து, "நீங்கள் என்ன சொன்னனீங்கள்? உங்களை விழுத்தினால் எண்டுதானே. இவர் விழக்கூடாது எண்டு சொன்னனீங்களோ?"

மச்சான் அவரைப் பார்த்தான். பிறகு சுவரோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தான். அவர்கள் இன்னும் முழுதாக நிமிரவில்லை. தலையில் வைத்த கையைச் சிலர் எடுக்கவே மறந்திருந்தார்கள். அவன் அவர்களை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எதையேன் துலைச்சுப்போட்டியளோ என்று முதல் நாள் கேட்ட பகிடியை அன்றைக்கு அவன் கேட்கவில்லை.

"இல்லை அக்கா. சொல்லேல்லை" என்றான்.

வெற்றுப் பெட்டிகளைச் சம்மாட்டியார் கருவாடு கட்டக் கொண்டுபோனார். மறுநாள் வந்த வானில் மச்சான் மட்டும் ஏறினான். கைப்பிடியை என் கையில் தந்து, "சீட்டு விளையாட இது உதவாது" என்றான்.

பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். பெறுபேறு வந்த அன்று அக்கா எல்லாருக்கும் பயற்றம் பணியாரம் கொண்டுவந்தார். எனக்கு மட்டும் இரண்டு. "ஒண்டு பொறுப்பாளருக்கு, மற்றது விமானிக்கு. பொறுப்பாளருக்குக் குடுக்க எனக்கு விருப்பமில்லை, எண்டாலும் பிடியும்" என்றார்.

சில வருடங்களில் சமாதானம் முடிந்தது. தரைப்பாதை பூட்டப்பட்டது. விளக்கை நூர்க்கிற பழக்கத்துக்கு மறுபடி உண்மையான வேலை வந்தது. ஆனால் கணினிகள் தீவுக்குள்ளேயே இருந்தன. யாழ்ப்பாணம் போக ஏலாத நாட்களிலும் பிள்ளைகள் நடந்து வந்து படித்தார்கள். அப்படியொரு நாளில் மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டான். சுகம் விசாரித்துவிட்டுச் சொன்னான்:

"எங்கடை அணியிலை உன்ரை வேலையைப் படிப்பிச்சுப்போட்டன். இப்ப எச்சரிக்கை கேட்டால் ரேடாரை நிப்பாட்டச் சொல்லுறதுக்கு எல்லாரும் ‘நூர்’ எண்டுதான் சொல்லுறாங்கள். கொரியாக்காரன் ஒருத்தன் எங்களை விட வடிவாச் சொல்லுறான்."

நான் அதை உடனே அக்காவுக்குச் சொன்னேன். எங்கள் கரம்பொன் சொல் ஒன்று ரொறொன்ரோவில் போர்விமானங்களை வழிநடத்துகிறது என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர் தட்டச்சை நிறுத்தாமல் கேட்டார்.

"மேசைக்குக் கீழை போறதையும் படிப்பிச்சவரோ எண்டு கேளும்."

கேட்டேன்.

"அவங்கள் போகமாட்டாங்கள்" என்றான் மச்சான். "நான் ஒருக்காப் போனனான்."